சாவிக்கொத்து

எங்கள் ஊர்ப் பணக்காரர்களைவிட அவர்கள் வீடுகளைத்தான் சின்ன வயதில் அதிகம் பார்த்திருக்கிறேன். காரைக்குடியில் அது சகஜம். செட்டியார் மலேசியாவிலோ மெட்ராஸிலோ இருப்பார். வீடு இங்கே பூட்டிக் கிடக்கும். அப்படி ஒரு வீட்டுக்கு அப்பா கணக்குப்பிள்ளை. கணக்கு கொஞ்சம், சாவி அதிகம். இடுப்பில் செருகியிருந்த அந்தக் கொத்தில் எங்கள் வீட்டுச் சாவி கிடையாது. எங்களிடம் பூட்டி வைக்க ஒன்றுமில்லை.

அவ்வப்போது திறந்து கூட்டிப் பெருக்குவோம். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் கண்ணாடியாய் மின்னும். அம்மா அதைத் தடவிப் பார்த்து, "எத்தனை முட்டையோ!" என்பாள். எங்கள் வீட்டில் அவித்த முட்டையை நூல் வைத்து நாலாக அறுப்பார்கள்.

கல்யாணம், முன்னோர் படைப்பு என்றால் வீட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அதுவரை வளவின் நடுமுற்றத்தைச் சுற்றிச் சைக்கிள் விட்டவன் பின்கட்டுக்குப் போய்விடுவேன். யாரும் போகச் சொன்னதில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எவனுக்கு எந்தத் தெரு என்று காலுக்கே தெரியும். மனசுக்குள் மட்டும், நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி நம்மையே வெளியே அனுப்பிவிட்ட மாதிரி ஒரு கடுப்பு.

பந்தி முடிந்ததும் செட்டியார் வீட்டு ஆச்சி பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து டம்ளர்களை எண்ணுவார். பூப்பொட்டலம் கட்டி வந்த வாழைநாரைக்கூட விரலால் நீவிச் சுருட்டி வைப்பார். ஒரு டம்ளர் குறைந்தால் அப்பாவின் முகம் சுண்டிவிடும். அதே ஆச்சிதான் என் காலேஜ் சம்பளத்தைக் கேட்காமலே கொடுத்து, மகமை என்ற தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார். சாமிக்கு விளக்கெண்ணெய், எனக்கு வேதியியல்; இரண்டும் ஒரே பக்கத்தில் பற்று. பணக்காரர் என்றால் நாரைச் சேர்த்து வைப்பவர் என்று அன்றே மண்டையில் ஏறிவிட்டது. சென்னையில் ஒருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை டிப்ஸாக விசிறினால், 'பாவம், எங்கேயோ பலத்த கடன்' என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செட்டி கெட்டால் பட்டு உடுத்துவான் என்பது நான் படித்த பொருளாதாரம்.

காலேஜில் சிவப்புப் புத்தகங்கள் கைக்கு வந்தன. முதலாளிகளை முறைப்படி வெறுக்கலாம் என்று உட்கார்ந்தால், உட்கார்ந்த பெஞ்சே அழகப்பச் செட்டியார் போட்டது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் அவர். 1948-இல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்காகத் தம் வீட்டையே கொடுத்தவரும் அவர்தான். இவரை வைத்துக்கொண்டு வர்க்கப் போராட்டம் நடத்துவது மார்க்ஸுக்கே சிரமம்.

தேக்கு வந்த பர்மாவில் கதை வேறு. 1930-களில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட வழியில்லாத குடியானவர்களின் வயல்கள் செட்டியார்களின் வட்டிக்கடைகளிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம். அங்கே வயலைப் பறிகொடுத்தவரின் மகன் எங்கள் ஊர்ச் சுவரைத் தடவினால் முட்டைக் கணக்குப் போடமாட்டான். எனக்கு அந்தக் கோபம் வராததற்கு ஆச்சி கட்டிய காலேஜ் சம்பளமும் ஒரு காரணம். வாங்கித் தின்ற வாய், என்ன செய்ய?

இப்போது இந்த வீடுகளில் சில ஹோட்டலாகிவிட்டன. ரிட்டயர் ஆன தைரியத்தில் ஒன்றில் காபி குடிக்கப் போனேன். கால் தன் பாட்டுக்குப் பின்தெருவுக்குப் போய் நின்றது. வாட்ச்மேன் சல்யூட் வைத்து, "சார், முன்வாசலுக்குப் போங்க. இங்கிட்டு நாங்கதான் வருவோம்" என்றார். "நானும் இங்கிட்டுத்தான் வருவேன்" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார். எந்தச் செட்டியார் வீட்டு மகன் எங்கே இருக்கிறார் என்று ஊர்க்கதை ஓடியது. உள்ளே காபி என்ன விலை என்றும் அவரே சொன்னார். தெருமுனை டீக்கடையில் இருவருக்கும் டீ சொல்லிவிட்டேன்.