அலமாரிக்குள் ஒரு கம்பீரம்

குரல்காரரை அடையாளம் காண்பது சுலபம். ‘பால் பாக்கெட் வந்துடுச்சா?’ என்று கேட்டாலே ஆகாஷ்வாணியில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். தமிழ்நாடு-கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் அத்திபெலே அடுக்ககத்திலும் இரண்டாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். பதினாறு வருஷம் மென்பொருள் வேலை. ஆபீஸ் ஆண்டு விழாவில் யாரோ, ‘சார், உங்க வாய்ஸுக்கே காசு கொடுக்கலாம்’ என்று சொல்லித் தொலைத்தார்கள். எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். ராஜினாமா கொடுத்துவிட்டார்.

ஓசூரிலிருந்து வந்த மாமனார், ‘மாப்பிள்ளை இப்ப என்ன பண்றார்?’ என்றார்.

‘பேசறார்ப்பா.’

‘அது தெரியும்மா. வேலை?’

துணி அலமாரிதான் ஸ்டுடியோ. மனைவியின் பட்டுப்புடவைகள் எதிரொலியை உறிஞ்சுமாம். கதவில் இரண்டு ரஜாய் தொங்குகின்றன. வளைத்த கம்பியில் பழைய சாக்ஸை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார், ‘ப’ சொல்லும்போது காற்று மோதாமலிருக்க. மின்விசிறி கூடாது. பனியனோடு உள்ளே போய், பத்து நிமிஷத்தில் குளித்தவர் மாதிரி வெளியே வருவார். ஒலிப்புத்தகக்காரர்கள் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறார்களாம். ஜன்னலுக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலை 44. சுங்கச்சாவடியில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

மனம் தளரும்போது நடிகர் மோகனை இழுப்பார். உடுப்பிக்காரர், பட்டப்பெயரே ‘மைக்’ மோகன். ஆனால் பெரும்பாலான தமிழ்ப் படங்களில் அவருக்காகப் பேசியவர் எஸ்.என். சுரேந்தர். ‘முகம் கர்நாடகா, குரல் தமிழ்நாடு. நான் ரெண்டுக்கும் நடுவுலயே உட்கார்ந்திருக்கேன்!’ கன்னடத்தில் டப்பிங் படங்களுக்குப் பல பத்தாண்டுகளாக இருந்த முட்டுக்கட்டை, 2015-ல் இந்தியப் போட்டி ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு தளர்ந்ததையும் சேர்த்துக்கொள்வார். அவருடைய கன்னடம் மளிகைக் கடையோடு சரி என்பதை நான் நினைவூட்டுவதில்லை.

மியூச்சுவல் ஃபண்டு எச்சரிக்கையை மூச்சு விடாமல் வாசித்து மாதிரி அனுப்பினார். வாய்ப்பு வரவில்லை, பழக்கம் தங்கிவிட்டது. ‘தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தர்றேன்’ என்று மனைவியிடம் கனிவாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘நிபந்தனைகளுக்குஉட்பட்டது’ என்கிறார்.

போன மாதம் நிஜமாகவே காசு வந்தது. வெங்காய வண்டிக்காரர் கொடுத்த 500 ரூபாய். அதற்கு மளிகைக் கடைக் கன்னடமே போதுமானதாக இருந்தது.

நேற்று மதியம் ஒரு தியானப் பயிற்சிக்கான பதிவு. குக்கரை இறக்கியாயிற்று, கூரியர்காரர் மணி அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வாசலில் நான். அலமாரிக்குள்ளிருந்து, ‘கண்களை மூடுங்கள்... மெல்ல... மௌனத்தை உணருங்கள்...’

தெருமுனையிலிருந்து அதே கம்பீரம்: ‘அம்மா! வெங்காயம்! ஈருள்ளி! நாலு கிலோ நூறு ரூபாய்!’

கதவு திறந்தது. வியர்வை சொட்ட ஜன்னலுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வண்டி தெருவைக் கடக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘அந்த “நூறு”ல கொஞ்சம் கனம் பத்தலை, இல்ல?’