நாலு முறை உலகம் சுற்றிய கார்

கார் வாங்கும் பேச்சை எங்கள் வீட்டில் நான் ஆடி மாதத்தில் மட்டும்தான் எடுப்பேன். ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள் என்பதால், பேசுவதற்கு அதைவிடப் பத்திரமான மாதம் வேறு கிடையாது. பட்ஜெட் போடலாம், கலருக்காகச் சண்டை பிடிக்கலாம், ஜன்னலோரம் யாருக்கு என்று பிள்ளைகளுக்குப் பஞ்சாயத்து வைக்கலாம். ஆவணி பிறந்ததும் முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசைகட்டி வரும். மொய் எழுதி முடிப்பதற்குள் கார் தானாக அடுத்த ஆடிக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் என் மைத்துனன்.

"மாமா, ஆடியிலதான் வண்டி பார்க்கணும். எவனும் வாங்க வர மாட்டான், விலையை அடிச்சுப் பேசலாம். டோக்கன் அட்வான்ஸ் மட்டும் குடுத்துட்டு ஆவணியில எடுத்துக்குவோம்."

என் மனைவி தம்பியைப் பெருமையோடு பார்த்தாள். என்னையும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தாள் என்பதற்குக் கல்யாண ஆல்பத்தில் ஆதாரம் இருக்கிறது.

மதுரை பைபாஸ் ரோட்டில் கன்சல்டிங் என்று போர்டு மாட்டிய இடமாகப் பார்த்து ஏறி இறங்கினோம். அங்கே நின்ற கார்களில் பாதி, டாக்டர் ஓட்டியவை. மீதி, டாக்டர் வீட்டம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்தவை. எல்லாமே சிங்கிள் ஓனர், எல்லாமே கம்பெனி சர்வீஸ். 2015 மாடல் 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2012 மாடல் 50,000. 2010 மாடல் 42,000. இதே கணக்கில் பின்னால் போனால், 1998ல் வந்த சான்ட்ரோ இன்னும் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலை கேட்டையே தாண்டியிருக்காது.

அந்த 42,000 கிலோமீட்டர் காரின் பிரேக் பெடல் ரப்பரில் வரி என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இரண்டு இடமும் பளபளத்தன. டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு அமுங்கிச் சரிந்து கிடந்தது. கோயிலுக்குப் போன அம்மா வழிநெடுக பிரேக்கை மிதித்து மிதித்தே நேர்த்திக்கடன் செலுத்தியிருக்க வேண்டும்.

பழைய மீட்டர்களைக் கழற்றி, பல்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும். டிஜிட்டல் வந்தபின் அந்தத் தொழில் படுத்துவிட்டது என்று நம்பியிருந்தேன். படுக்கவில்லை, படித்திருக்கிறது. இப்போது லேப்டாப்போடு வருகிறார்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாக்கெட்டில் செருகினால் டீ ஆறுவதற்குள் ஒரு லட்சம் கிலோமீட்டர் கழிந்துவிடுமாம்.

"கொஞ்சம் கம்மியா ஓடின வண்டியாப் பாருங்களேன்" என்றேன் கடைக்காரரிடம்.

"எவ்வளவுக்குள்ள இருக்கணும் சார்?" என்றார் அவர், ஜாக்கெட் துணி கிழிப்பவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுபோல.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படித்தேன். ஒரு காரியத்தைச் செய்வதற்குப் பதிலாக அதைப் பற்றிப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் 1970ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வண்டியின் வண்டவாளம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் ஒரு நடுத்தர விலைதான் சொல்வான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான், சந்தையில் மிஞ்சுவது ஓட்டை உடைசல். இவ்வளவுதான் விஷயம். முதலில் சில ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. 2001ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். இதே கருத்தை என் மாமனார் மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்த்தபடி சொல்லியிருக்கிறார். அவருக்குக் கிடைத்தது தாவணி டீ மட்டும்தான்.

இந்த நிலையில்தான் திருநகரில் ஒரு வண்டி இருப்பதாக மைத்துனன் சொன்னான். 2014 ஸ்விஃப்ட் டிசையர், டீசல், ஓன் போர்டு. ஓனர் நூல் ஏஜென்ட். அருப்புக்கோட்டை, ராஜபாளையம் மில்களுக்கு அலைந்தவர். விலை மூன்றே கால் லட்சம். மீட்டரில் 1,68,000 கிலோமீட்டர்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். அப்படியென்றால் இந்தக் கார் உலகத்தை நாலு முறை சுற்றிவிட்டு ஐந்தாவது சுற்றில் காலெடுத்து வைத்திருக்கிறது. முருகன் ஒரே ஒரு முறை சுற்றிவிட்டு வந்தார்; பழம் கிடைக்காமல் பழனிக்குப் போனார். பிள்ளையார் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றினார். மீட்டர் வைத்துப் பார்த்தாலும் பத்தடி தேறாது. பழம் அவருக்குத்தான் போனது. ஓடாதவனுக்கே விலை என்று கயிலாயத்தில் சொன்ன தீர்ப்பை பைபாஸ் ரோட்டில் இன்றுவரை யாரும் அப்பீல் செய்யவில்லை.

உண்மையான மீட்டரோடு ஒரு மனிதர் வருகிறார். அவரைப் பார்த்து நான் ஓடுகிறேன். பொய் மீட்டர்க்காரன் முன்னால் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். இப்படி வாங்குகிறவர்கள் இருக்கும்போது மீட்டரைத் திருப்பாதவன்தானே பைத்தியக்காரன்? விடிகிற நேரத்தில் மனைவியை எழுப்பி இதைச் சொன்னேன். அவள் தத்துவத்தை விட்டுவிட்டு போனை எடுத்துக் கணக்குப் போட்டாள்.

"பத்து வருஷம். ஒரு நாளைக்கு 46 கிலோமீட்டர் வருது. திருமங்கலத்துக்குப் போயிட்டு வர்ற தூரம்தாங்க. இதுக்கா எந்திரிச்சு உக்கார்ந்திருக்கீங்க?"

அதுவும் நாலு வழிச்சாலைக் கிலோமீட்டர். ஐந்தாவது கியரில் ஒரே சீராக ஓடிய தூரத்தில் கிளட்ச்சுக்கு வேலை குறைவு, பிரேக்குக்கு வேலை குறைவு. மாசி வீதிகளில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே ஊர்ந்த 40,000 அதைவிடக் கொடுமையானது. ஓடாமலே நிற்பது இன்னும் மோசம். பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும், ரப்பர் சீல்கள் காயும். எங்கள் எதிர்வீட்டுக்காரர் காரை உறைபோட்டு மூடி மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வைத்தார். பானெட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி வயரிங்கையே தின்று தீர்த்திருந்தது. மீட்டரில் என்னவோ 9,000 கிலோமீட்டர்தான்.

மைத்துனன் தன் பங்குக்கு உலக உதாரணம் கொண்டுவந்தான். நியூயார்க் பக்கம் இர்வ் கார்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியர். 1966ல் வாங்கிய வால்வோ காரை ஓட்டு ஓட்டென்று ஓட்டி, 2013ல் 30 லட்சம் மைலைத் தொட்டார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர்.

"அந்த மனுசன் வீட்டுக்கே வர மாட்டாராடா?" என்றாள் அவன் அக்கா.

பழங்காநத்தத்தில் எங்கள் ஸ்கூட்டரைப் பார்க்கும் பாய்தான் மெக்கானிக். அவர் போட்ட முதல் நிபந்தனை, நாங்கள் போகும்வரை ஓனர் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். அதனால் திருநகர் வாசலில் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் பாய் பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினார். முதல் திருப்பில் பிடித்தது.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். அங்கே குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியென்றால் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தங்கியிருக்குமாம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று பார்த்தோமே. டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படித்தார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். டயர் பிறந்த தேதி அது.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கோ படித்ததை நம்பி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கொடைக்கானல் காந்தப் பொம்மையைச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவில் ஒட்டியது, டிக்கியில் ஒட்டியது. முன்னால் வந்து வைத்தேன், பொத்தென்று விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

"முன்பக்கம் பூரா பட்டி! பெரிய ஆக்சிடென்ட் ஆன வண்டி!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன்.

ஓனர் மிகவும் பண்பானவர். "பம்பர் பிளாஸ்டிக்ங்க சார்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஃபியட் இன்ஜின் சார். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். இந்த ஒரு இன்ஜினைத்தான் இந்தியாவுல பாதிக் கம்பெனி போட்டு ஓட்டுச்சு. இப்ப மாருதி 2020லயே டீசலை நிறுத்திட்டான். லோயர் ஆர்ம் புஷ் ரெண்டும் மாத்தணும், முன் டயர் ரெண்டும் மாத்தணும். மத்தபடி ஓடும்."

"எவ்வளவு ஓடும்?"

"நீங்க ஓட்டுனா எவ்வளவு வேணாலும் ஓடும் சார். நீங்கதான் எடுக்கவே மாட்டீங்களே."

இதற்குள் என் மனைவி ஓனரம்மா கொடுத்த காபியோடு ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பத்து வருஷத்து சர்வீஸ் பில் அத்தனையும் தேதிவாரியாக, ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர். கிளட்ச் 1,12,000ல் மாற்றியிருந்தார். ஷாக் அப்சார்பர் 1,30,000ல். பேட்டரி போன வருஷம். ஒரு லட்சத்தைத் தாண்டிய வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு ஓடியது என்பதல்ல, இதையெல்லாம் மாற்றியாயிற்றா என்பதுதான். மாற்றியிருந்தால் செலவு அவருடையது. மாற்றாவிட்டால் நம்முடையது. நான் பல ராத்திரி விழித்துப் படித்ததில் உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். அதை நான் சொல்வதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"பில்லை இவ்வளவு பத்திரமா வச்சிருக்கிற மனுசர் வண்டியையா கெடுத்திருக்கப் போறார்?" என்று என் காதருகே சொல்லிவிட்டு, "நம்ம வீட்டு வரி ரசீது எங்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்கும் மாநகராட்சிக்கும் நடுவில் உள்ள அந்தரங்க விவகாரத்தை இங்கே இழுத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாம் கூடிவரும்போது மாமியார் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டார். கூட்டுத்தொகை எட்டு. சனி. ஓனர் முகம் வாடியது. இதே எட்டுக்காக முன்பு இரண்டு பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். மைத்துனன் முகம் மலர்ந்தது. எட்டையும் ஆடியையும் டயரையும் சேர்த்துப் பிடித்து, மூன்றே காலை மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டான். குறைந்த தொகையைக் கேட்டதும் மாமியாரின் சோதிடமும் திரும்பியது. "சனியைப்போல கெடுக்கிறவனும் இல்ல, குடுக்கிறவனும் இல்ல மாப்பிள்ளை. எடுங்க."

காகிதங்களை ஓனரே விளக்கினார். வங்கிக் கடன் அடைத்து ஹைப்போ கேன்சல் ஆன ஆர்சி, அதன் ஆயுள் 2029 வரை. 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்து. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆனால் கிளெய்ம் எடுக்காததற்கான நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அவரோடு போய்விடும். நியாயம்தான். அவருடைய நல்ல பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், என் ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பாய் காரைச் சுற்றிய அதே நடை. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. இண்டிகேட்டர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து மீட்டரைப் பார்த்தார். 31,402.

"கம்மியாத்தான் ஓடியிருக்கு."

"கேபிள் அறுந்துருச்சு."

"எப்ப சார்?"

"மூத்தவன் எல்கேஜி சேர்ந்தப்ப" என்றாள் என் மனைவி. மூத்தவன் இப்போது பிளஸ் டூ.

அவர் அட்வான்ஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் சர்வீஸ் ஃபைலை என்னைத் தாண்டி என் மனைவியின் கையில் கொடுத்தார். "ஒவ்வொரு 10,000த்துக்கும் ஆயில் மாத்தி நீங்களே எழுதி வச்சிருங்கம்மா" என்றார். சாவியை மட்டும் ஆவணியில் என்னிடம் தந்தார்.

கார் வந்ததும் ஸ்கூட்டருக்கு இடமில்லை. பக்கத்துத் தெருவில் காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் பார்க்க வந்தான். உட்கார்ந்து பார்த்தான், உதைத்து ஸ்டார்ட் செய்தான், மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"31,000தான் ஓடியிருக்கா அங்கிள்?"

"மீட்டரைப் பார்த்துக்கிட்டேதானே தம்பி கேட்கிற?" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி ஃபைலும் கையுமாக வெளியே வருவது தெரிந்தது. அவள் வாசலை எட்டுவதற்குள் விலையில் இரண்டாயிரத்தை நானே குறைத்துவிட்டேன்.