பதிமூன்றாவது மாதம்

எங்கள் வீட்டில் ஆள் மூன்று, சிம் நான்கு. நான்குக்கும் ரீசார்ஜ் இலாகா என் கையில். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். முப்பத்தோரு வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் எழுத ஏதாவது வேண்டுமில்லையா? எங்கள் ஊரான தேவாரத்தில், கடைவீதியில் பச்சை அட்டை நோட்டு வாங்கி, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கோடு போட்டேன். பற்றுப் பக்கம் நிரம்பி இப்போது இரண்டாம் நோட்டு ஓடுகிறது. வரவுப் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று என் மனைவி அதில் பால் கணக்கு எழுதுகிறாள்.

என் தொழிலுக்கே இழுக்கு இந்த 28. மாதத்துக்கு முப்பது நாள், இல்லாவிட்டால் முப்பத்தொன்று. போனால் போகிறதென்று பிப்ரவரிக்கு மட்டும் 28. செல்போன் கம்பெனிகளுக்கோ வருஷம் பூராவும் பிப்ரவரிதான். 28 நாளுக்கு ஒருதரம் போட்டால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், அப்படியும் ஒரு நாள் அநாதையாக நிற்கும். 299 ரூபாய்த் திட்டத்தை 12 தரம் போடுகிறோம் என்று நினைத்தால் 3,588. உண்மையில் போகிறது 3,887. இதைக் கண்டுபிடிக்கப் பேரேட்டுக்காரனான எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. சங்கத்துக் கணக்கில் பதிமூன்றாவது மாதம் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், தணிக்கைக்கு வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே என்னை சஸ்பெண்டு செய்திருப்பார்.

2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருந்தே ஆக வேண்டும். பேப்பரில் வந்ததைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைப் பையன் துண்டை வாங்கிப் படித்தான்.

“இருக்கு மாமா. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல.”

தேவாரத்திலேயே கேட்ட முதல் ஆள் நான்தான் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் ரீசார்ஜ் போடாமலே வந்தது தெரிந்தது.

சென்னையில் இருக்கிற மகன், “எதுக்குப்பா இம்புட்டுப் பாடு? போஸ்ட்பெய்டுல ஃபேமிலி பிளான் போட்டுட்டு நிம்மதியா இருங்க” என்கிறான். போஸ்ட்பெய்டு என்றால் என்ன? முதலில் பேசு, பிறகு கட்டு. அதாவது கடன். கடனைப் பற்றி என்னிடம் சொல்கிறான்! 2006, 2016, 2021 என்று மூன்று பயிர்க்கடன் தள்ளுபடிக்குப் பட்டியல் எழுதிய கை இது. செல்போன் பில்லுக்குத் தள்ளுபடி அறிவித்த சர்க்கார் எதுவும் இதுவரை இல்லை. வரட்டும், அன்றைக்கு போஸ்ட்பெய்டுக்கு மாறுகிறேன்.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நோட்டில் அதிகப் பக்கம் அம்மாவுக்குத்தான்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கையில் இருப்பது பட்டன் போன். கம்பத்தில் இருக்கிற என் தங்கச்சி காலையிலும் சாயங்காலமும் கூப்பிடுவாள். நடுவில் போடியிலிருந்து சித்தி கூப்பிட்டால், யார் வீட்டில் சடங்கு, யார் தோட்டத்தில் திராட்சை விலை போகவில்லை என்று அரை மணி நேரம் ஓடும். அந்த போனில் இன்டர்நெட் கிடையாது, போடவும் முடியாது. அந்த போனுக்கு 2021-லிருந்து தினம் 1.5 ஜிபி திட்டம் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

ஏன் என்று கேட்டால் நோட்டை விரித்துக் காட்டுவேன். 2024 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோவில் 189 ரூபாய்க்கு 28 நாள், மொத்தம் 2 ஜிபி. ஜிபிக்கு 94 ரூபாய் 50 காசு விழுகிறது. கொள்ளை! 299 போட்டால் தினம் 1.5 வீதம் 42 ஜிபி. ஜிபிக்கு 7 ரூபாய் 12 காசுதான். எது லாபம்? இந்தக் கணக்கை நான் மெச்சிக்கொண்டு வாசித்துக் காட்டியபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தைக்கு எதுக்குங்க ஜிபி?” என்று கேட்டாள்.

கேள்வி கணக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று அப்போதே தள்ளிவிட்டேன்.

அம்மாவுக்கு ஜிபி என்றால் என்ன என்று விளக்க வேண்டி வந்தது. தினமும் வரும், அன்றைக்குள் செலவழிக்காவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போய்விடும், மறுநாள் புதிதாக வரும் என்றேன். நீச்சத்தண்ணியைக்கூடக் கீழே ஊற்றாத மனுஷி. அதிர்ந்துபோனாள்.

“தெனமுமாய்யா? யாருக்காச்சும் குடுத்திரக் கூடாதா? பக்கத்து வீட்டுப் புள்ளைக கேக்குதுகளே.”

அப்படிக் கொடுக்க முடியாதம்மா என்றேன். அதற்குப் பிறகு பல நாள் ராத்திரி படுக்கப் போகும்போது போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னைக்குள்ளதும் போச்சா?” என்று கேட்பாள்.

2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. ஜியோவில் 239 ஆக இருந்த திட்டந்தான் அந்த 299. ஊரில் ஆளாளுக்கு ஒரு பக்கம் போர்ட் போட ஓடினார்கள். எனக்கும் ரோஷம் வந்தது. எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கம்பெனிக்கு அம்மாவின் நம்பரை மாற்றினேன் என்று சொல்லப்போவதில்லை. இரண்டின் மேலும் குற்றமில்லை, எல்லாம் பச்சை நோட்டின் வேலை.

போர்ட் போடுவது எளிது. ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு கோடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியில் கொடுத்துவிட்டால், ஒரே மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. பட்டன் போனில் அடித்ததில் நம்பர் இரண்டு தரம் தப்பிப்போனது, மூன்றாம் தரம் கோடு வந்தது. மறுநாளே பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எடுத்தது அம்மா.

“ஏம்மா எங்களை விட்டுப் போறீங்க?”

“நான் எங்கிட்டும் போகலையே தாயி. திண்ணையிலதான இருக்கேன்.”

அந்தப் பெண் மறுபடி கூப்பிடவில்லை.

புதுக் கம்பெனி சிம் வந்தது. வந்த கையோடு நீண்ட நாள் திட்டமாகப் பார்த்து ரீசார்ஜும் போட்டாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து அம்மா போனைக் காதில் வைத்தாள். சத்தமில்லை. முற்றத்துக்கு வந்தாள், ஒரு கோடு தெரிந்தது. கொல்லையில் முருங்கை மரத்தடிக்குப் போனதும் மூன்று கோடு. பழைய சிம்மில் திண்ணையில் கேட்டதா என்று என்னைக் கேட்கிறீர்கள். கேட்டது. வீட்டில் சிக்னல் எப்படி என்று வாங்குவதற்கு முன் ஒரு தரம் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். நோட்டில் அதற்குக் கட்டம் போடவில்லை.

சரி, திரும்பப் பழைய இடத்துக்கே போய்விடலாம் என்று கடைக்குப் போனால் பையன் தலையை ஆட்டினான். “தொண்ணூறு நாள் ஆகணும் மாமா.” ஒரு தரம் மாறினால் 90 நாள் அங்கேயே கிடக்க வேண்டும், அதுதான் விதி. என் அம்மா 90 நாள் முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு மகளோடு பேசினாள்.

இந்த விஷயத்தில் எங்கள் மலையையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசி, மலையடிவாரம். அந்த மலை சாதாரண மலையில்லை, விஞ்ஞானிகள் நற்சான்று கொடுத்த மலை. நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இடம் தேடியவர்கள் என்ன தேடினார்கள்? வானத்திலிருந்து பொழிகிற கதிர்களை வழியிலேயே மறித்துவிடுகிற, எந்தப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. அது கிடைத்த இடம் எங்களுக்குப் பக்கத்துப் பொட்டிப்புரம், அம்பரப்பர் மலை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டமாக ஒப்புதலும் கொடுத்தது. மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்று மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, கூடம் வரவில்லை. அந்த வாதம் வேறு. நான் சொல்ல வந்தது, பிரபஞ்சத்திலிருந்து வருவதையே வடிகட்டுகிற பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செல்போன் டவரை எதிர்பார்க்கிறவன் புத்தியை என்ன சொல்வது? நியூட்ரினோ மட்டும் அந்த மலைக்குள் தங்குதடையில்லாமல் புகுந்து போகுமாம். அதற்கு வேலிடிட்டியும் கிடையாது.

எங்கள் பக்கத்து டவரைத் தடுக்கிற மலை, கேரளத்து டவருக்குத் தாராளம். சாக்குலூத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ரோடு வேண்டும் என்று எங்கள் ஊர் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரோடு வருவதற்கு முன்னால் கேரளத்து டவர் வந்துவிட்டது. மேலே இடுக்கி மாவட்டம். சில நேரம் முருங்கை மரத்தடி போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் தங்கச்சி பதறிப்போய் என் நம்பருக்கு அடித்தாள்.

“அண்ணே, அம்மாவுக்குப் போட்டா மலையாளத்துல ஒரு பொம்பள பேசுறா. அம்மா எப்ப கேரளா போச்சு?”

ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் எனக்கு இப்படிச் சொந்தக் கொல்லையில் நின்றபடியே காசு போயிருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள் மெட்டு தாண்டியதும் போனை அணைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து எவராவது அழைத்தால் அதற்கும் காசு. ஜியோ 2016 செப்டம்பரில் வரும்போதே ரோமிங் இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரலிலிருந்து ஏர்டெல்லும் எடுத்துவிட்டது. அதோடு மிஸ்டு கால் பாஷையும் அழிந்தது. ஒரு ரிங் விட்டால் ஜீப் கிளம்பிவிட்டது, இரண்டு விட்டால் உலை வை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு போன் செலவு இப்போதைய செலவில் பாதிகூட இல்லை. நோட்டு இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொண்ணூறு நாள் கழிந்து அம்மா பழையபடி திண்ணைக்கு வந்தாள். 2024 டிசம்பரில் டிராய் இன்னொரு உத்தரவு போட்டது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேசவும் மெசேஜுக்கும் மட்டும் தனித் திட்டம் வைக்க வேண்டும். என் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போட்ட உத்தரவு மாதிரியே இருந்தது. ஜனவரியில் திட்டங்கள் வந்தன, வந்த சில நாளிலேயே விலையைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849.

இரண்டு வாரம் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. 1,748 பார்வைக்கு நூற்றியொரு ரூபாய் குறைவு. ஆனால் நாளைக்கு 5 ரூபாய் 20 காசு. 1,849-ல் நாளைக்கு 5 ரூபாய் 7 காசு. ஆக, குறைவாகத் தெரிவதுதான் கூடுதல்! கண்டுபிடித்த அன்று சாயங்காலமே பஸ் ஏறி உத்தமபாளையம் போய், கூட வேலை பார்த்த நண்பரிடம் சொல்லி, இரண்டு பேரும் டீயும் வடையும் சாப்பிட்டு வந்தோம். வருஷம் பூராவும் மிச்சமாகும் தொகை ஐம்பது ரூபாய். அன்றைய செலவு எழுபத்திரண்டு.

விலை தீர்ந்தது, நாள் தீரவில்லை. எண்பத்திரண்டு வயது அம்மாவுக்கு எத்தனை நாள் வேலிடிட்டி போடுவது? எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இதற்குப் பதில் சொல்வதில்லை. வருஷத் திட்டம்தான் லாபம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒரு வருசத்துக்கா? அம்புட்டு நாள் இருப்பேன்னு எவன் ஒனக்கு எழுதிக் குடுத்தான்? காசக் கரியாக்காத” என்றாள் அம்மா.

சரிம்மா, அப்போது 84 நாள் போடுகிறேன் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மனைவியிடம் திரும்பி, “பாத்தியாத்தா, ஒம் புருசன் எனக்கு நாள் குறிச்சுட்டான்” என்றாள். அன்று இரவு தங்கச்சி போனில் என்னோடு பேசவில்லை. போடிச் சித்தி பேசினாள், நிறையவே பேசினாள்.

வருஷத் திட்டமே போட்டேன். பேச மட்டும், டேட்டா இல்லை. நாலு வருஷத்தில் முதல்முறையாகச் சரியான சிம்முக்குச் சரியான திட்டம். நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு இழுத்தேன்.

போட்டு ஒன்பது நாள் ஆகியிருக்கும். தங்கச்சி கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு பை, பைக்குள் அவள் பழைய டச் போன். அவள் மகளுக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்து மூன்று மாதம். கொள்ளுப்பேத்தி முகத்தை அம்மா தினமும் வீடியோவில் பார்க்க வேண்டும் என்று அவளே வந்து சிம்மை மாற்றிப் போட்டு, பொத்தானையும் காட்டிக் கொடுத்தாள். அம்மா அதை அமுக்கினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னண்ணே, டேட்டா இல்லையா?”

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து விளக்க ஆரம்பித்தேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அய்யா, தெனம் ராத்திரி வீணாப் போச்சே அந்த ஜிபி, நாலு வருசமா… அதுல ஒரு கை எடுத்து வைக்கலையா நீயி?”