எண்பது சதவீத மனிதர்

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எந்த அலுவலகத்திலும் இவர் ஒருவர் இருப்பார். மேசையில் இரண்டு திரை, சுவரில் ஒரு பெரிய டிவி. மூன்றிலும் ஒரே கிராஃபனா டாஷ்போர்டு. சிபியு 80 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு அலர்ட், மெமரி தாண்டினால் ஒன்று, டிஸ்க் தாண்டினால் இன்னொன்று. ஏன் எண்பது என்று கேளுங்கள். "எழுபது வெச்சா ஓயாம அடிக்குது சார், தொண்ணூறு வெச்சா பயமா இருக்கு" என்பார். நேர்மையான பதில்தான், அதில் சர்வரைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. இவர் போடும் எல்லைகள் இவருடைய பயத்தைத்தான் அளக்கின்றன என்பது என் கட்சி.

மெமரியையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸ், சும்மா கிடக்கும் மெமரியில் டிஸ்கிலிருந்து படித்த ஃபைல்களைக் கேஷாக வைத்துக்கொள்ளும். வேறு யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால் நன்றாக ஓடும் சர்வரிலும் 'ஃப்ரீ' என்ற கட்டத்தில் சொற்பமே மிச்சமிருக்கும். உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து லினக்ஸே 'அவெய்லபிள்' என்று கணக்குப் போட்டுத் தருகிறது. நம்மவர் கண் ஃப்ரீயில்தான். சர்வர் மூச்சு முட்டுகிறதென்று ராத்திரி இரண்டு மணிக்கு ரீஸ்டார்ட் செய்வார். கேஷ் காலியாகி எல்லாம் மந்தமாகும். அதற்கும் ஒரு அலர்ட் வரும். டிஸ்க் கதையும் இதுதான். 20 ஜிபி டிஸ்கில் பத்து சதவீதம் மிச்சமென்றால் 2 ஜிபி. முரட்டு லாக் ஃபைல் ஒன்று விடிவதற்குள் தின்றுவிடும். 10 டிபி டிஸ்கில் அதே பத்து சதவீதம் 1 டிபி. இரண்டுக்கும் ஒரே சிவப்பு. இன்னொரு பக்கம், சிபியு 12 சதவீதத்தில் இருக்க, டேட்டாபேஸ் கனெக்ஷன்கள் தீர்ந்துபோய் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் எரர் போய்க்கொண்டிருக்கலாம். அப்போது டாஷ்போர்டு பச்சைப் பசேலென்று இருக்கும்.

"ஒன்று தப்பிப்போவதைவிட நூறு வீணாக அடிப்பது மேல்" என்பது அவர் தரப்பு வாதம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்தின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. முக்கியமில்லாதவற்றை அடக்க வழியே இல்லை என்று விசாரணைக் குழு குறித்தது. எச்சரிக்கைக்கு அங்கே பஞ்சமில்லை, எதைக் கவனிப்பது என்பதில்தான் சிக்கல். நம்மவர் பாடும் அதுவே: அலர்ட் மெயில் எல்லாம் நேரே தனி ஃபோல்டருக்குப் போகும்படி ரூல் போட்டிருக்கிறார், அந்த ஃபோல்டரை அவரே திறப்பதில்லை. "அப்படியானால் வாடிக்கையாளர் அலறும்வரை காத்திருப்பதா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். டிஸ்க் நிரம்பப்போவது முன்பே தெரிய வேண்டும். ஆனால் அதற்குப் பார்க்க வேண்டியது வேகம். இதே போக்கில் போனால் நான்கு மணி நேரத்தில் நிரம்புமா என்று பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளிடம் ஒரே வரியில் கேட்கலாம். மற்றபடி, மாதம் 99.9 சதவீதம் சேவை ஓடும் என்று வாக்குக் கொடுத்தவர் கையில், சேவை தடைபட இருப்பது சுமார் 43 நிமிடம். அது மளமளவென்று கரைந்தால் ஆளை எழுப்பலாம். கரையாவிட்டால் காலைவரை தூங்கவிடலாம்.

இவ்வளவும் அவருக்குத் தெரியாததல்ல. சர்வர் படுத்த மறுநாள் மீட்டிங்கில் "இதற்கு ஏன் அலர்ட் இல்லை?" என்று மேனேஜர் கேட்பார், "இந்த அலர்ட் ஏன் இருக்கிறது?" என்று இதுவரை எந்த மேனேஜரும் கேட்டதில்லை. சேர்த்தவருக்குப் பாதுகாப்பு, நீக்கியவருக்குப் பழி என்றால் யார்தான் நீக்குவார்? ஆகவே அவரைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு அலர்ட்டுக்கும் எதிரே, அது அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம்; எழுத வராததை அழித்துவிடலாம். அவரும் மறுக்காமல் உட்கார்ந்து அத்தனைக்கும் எழுதிக் கொடுப்பார்: "பத்து நிமிடம் பொறுக்கவும். தானாகச் சரியாகிவிடும்."