சரணடையும் கலை

வில்லை எடுத்தோமா, காட்டுக்குள் போனோமா என்று வேட்டையாடிய முன்னோர்கள் பாவம், விவரம் போதாதவர்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிராங்ஹார்ன் மானை வேட்டையாட முதலில் விண்ணப்பம். பிறகு குலுக்கல். வெளிமாநிலத்துக்காரர் என்றால் ஆண்டுதோறும் காசு கட்டி 'முன்னுரிமைப் புள்ளி' சேர்க்கலாம். நல்ல பகுதி கிடைக்கப் பல வருடம் ஆகும். அதற்குள் மானுக்குப் பேரன் பிறந்துவிடும். பாதகமில்லை, பேரனைச் சுடலாம்.

அடுத்து, வழிகாட்டியோடு போவதா, தனியாகவா? வழிகாட்டி நல்ல தொகை வாங்கிக்கொண்டு மான் எங்கே நிற்கிறது என்று காட்டுவார். தனியாகப் போனால் காசு மிச்சம். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மானே பார்த்துக்கொள்ளும். அதன் கண் பல கிலோமீட்டர் பாயும். புல்வெளியிலோ மறைய ஒரு மரம் கிடையாது. ஆகவே பசு மாதிரி வெட்டிய அட்டைக்குப் பின்னால் குனிந்து நடப்பது உத்தமம். துப்பாக்கி ஏந்தியவர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அணிய வேண்டும் என்பது சட்டம். ஒளிந்துகொள்வதிலும் என்னவொரு வெளிப்படைத்தன்மை!

கடைசி அஸ்திரம் வெள்ளைக் கைக்குட்டை. அதை ஆட்டினால், வேடிக்கை பார்க்கும் ஆசையில் மான் கிட்டே வருமாம். நம்மவர் ஆட்டினார். வந்தது. ஏற இறங்கப் பார்த்தது. சரணாகதியை ஏற்றுக்கொண்டு, மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர் வேகத்தில் விடைபெற்றது.

புள்ளிக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து.