வண்டிக்குத் தண்ணீர், அப்புறம்தான் சோறு

(இந்த வாரம் முழுக்கத் தீயணைப்பு வீரர்களைப் பற்றிய கேள்விகள்)

வாசகர், பெரம்பூர்: தீப்பிடிக்காத நாளில் தீயணைப்பு நிலையத்தில் என்னதான் செய்வார்கள்?

கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவார்கள். சமையலறைக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பார்கள். மழையில் சாய்ந்த மரத்தை அறுப்பார்கள். துறையின் பெயரே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’தானே! அழைப்பே வராவிட்டாலும் டிரில் உண்டு, பம்பை ஓட்டிப் பார்க்கிற வேலை உண்டு, நனைந்த ஹோஸைக் காயப்போட்டுச் சுருட்டுகிற வேலை உண்டு.

வாசகி, திருவொற்றியூர்: அவர்களுக்குள் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டுதல் என்கிறார்களே, நீங்கள் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன். வடசென்னையில் ஒரு நிலையம், மதியச் சாப்பாட்டு நேரம். முருங்கைக்காய் சாம்பார். சமையல் முறை வைத்து, செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கவளத்தில் மணி அடித்தது. பிசைந்த கையைத் துடைக்கக்கூட நிற்காமல் ஐந்து பேர் எழுந்தார்கள். சட்டைப் பித்தானை வண்டியில் ஏறியபிறகுதான் போட்டார்கள். போன் எடுக்க ஒருவர் நிலையத்திலேயே இருந்தாக வேண்டும். அவர் தன் தட்டை விட்டுவிட்டு, போனவர்களின் ஐந்து தட்டுகளையும் ஒவ்வொன்றாக மூடி வைத்தார். அதன்பிறகு அவரும் சாப்பிடவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். புருவமெல்லாம் கரி. முதலில் வண்டிக்குத் தண்ணீர் நிரப்பினார்கள், அடுத்த அழைப்பு எப்போது வருமோ தெரியாதே. அப்புறம்தான் தட்டு. சோறு விறைத்திருந்தது. காத்திருந்தவர் ரசத்தைச் சுடவைத்து ஊற்றினார். தீயைப் பற்றி யாரும் பேசவில்லை. “ராத்திரிக்கு யாருடா சமையல்?” என்பதுதான் முதல் பேச்சு. நானும் அதே ரசத்தைச் சாப்பிட்டேன். வீட்டில் எந்தப் பந்தியிலும் எனக்கு அப்படி ஒரு சாப்பாடு வாய்த்ததில்லை.

வாசகர், ஈரோடு: வண்டி வந்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் தீர்ந்துவிடுகிறதே! நிரப்பாமலா வருகிறார்கள்?

நிரப்பித்தான் வருகிறார்கள். வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர் பிடிக்கும். ஒரு ஹோஸ் நிமிடத்துக்குச் சில நூறு லிட்டரைக் குடித்துவிடும். இரண்டு ஹோஸ் பிடித்தால் கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் பின்னாலேயே லாரித் தண்ணீர் தேடுகிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், பக்கத்தில் கிணறு எங்கே, தொட்டி எங்கே என்று காட்டுங்கள்.

வாசகி, கோவை: புகைக்குள் ஏன் இரண்டு இரண்டு பேராகப் போகிறார்கள்?

முதுகில் இருக்கும் காற்று உருளையை வைத்துச் சொல்கிறேன். ஆறு லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 1,800 லிட்டர் காற்று இருக்கும். கணக்குப்படி முக்கால் மணி நேரம் வரும். ஆனால் ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறுகிறவருக்கு மூச்சு இரண்டு மடங்கு வாங்கும். அரை மணிகூட வராது. காற்று குறைந்தால் கருவியில் இருக்கும் விசில் அலறும். ஒருவருடைய விசில் அடித்தால் இருவரும் வெளியே வர வேண்டும். மற்றவருக்கு இன்னும் பாதி உருளை மிச்சம் இருந்தாலும் அதுதான் விதி. புகைக்குள் தன் கையே தனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொட்டுக்கொண்டுதான் நகர வேண்டும். திருவொற்றியூர் வாசகி கேட்ட அண்ணன் தம்பி ஒட்டுதல் இதுதான்.

வாசகர், தஞ்சாவூர்: ஏப்ரல் 14-ல் நிலையத்தில் மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். நமக்குப் புத்தாண்டு அல்லவா?

நமக்குச் சித்திரை ஒன்று. அவர்களுக்கு அது 1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாகக் கிடந்தன. மதியம் புகை கிளம்பியது. தீயணைப்புப் படையினர் கப்பலை விட்டு விலகாமல் தண்ணீர் அடித்தார்கள். மாலை நான்கு மணி சுமாருக்குக் கப்பல் வெடித்தது. 66 வீரர்கள் இறந்தார்கள். அதன் நினைவாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம்.

வாசகி, மதுரை: தீபாவளிக்காவது லீவு உண்டா?

மதுரையிலிருந்தே கேட்டுவிட்டீர்கள்! கிடையாது, அன்றுதானே அழைப்பு அதிகம். 2020 தீபாவளியன்று அதிகாலையில் உங்கள் ஊர் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2012 பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கம் கல்சா மஹால் எரிந்தபோதும் கூரை சரிந்து ஓர் அலுவலர் உயிரிழந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடும் காயங்களோடு பிழைத்தார். நாம் புதுத்துணி உடுத்தும் நாள்களில் எத்தனையோ வீடுகளில் அப்பாவின் துணி மடித்தபடியே இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வாசகர், சேலம்: தீ அணைந்தால் ஆபத்து முடிந்ததுதானே?

இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்து நோய்ப்பட்டுப் பின்னாளில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் 2023-ல் 343-ஐத் தொட்டது. தீயணைப்புத் தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ல் வகைப்படுத்திவிட்டது. கரி படிந்த சட்டையை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் நிலையத்திலேயே துவைக்க ஒரு வாஷிங் மெஷின் வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் கேட்கிறேன்.

வாசகர், திண்டுக்கல்: தீப்பிடித்த இடத்தில் நாங்கள் எப்படி உதவுவது?

101-ஐ அழையுங்கள், 112-ம் சரிதான். தெருமுனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். உள்ளே எத்தனை பேர், சிலிண்டர் எங்கே என்ற இரண்டையும் வண்டியிலிருந்து இறங்குபவரிடம் சொல்லுங்கள். செல்போனைப் பையில் போடுங்கள்.

வாசகி, நாகர்கோவில்: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு நிலையத்தைப் பார்க்க ஆசை. விடுவார்களா?

தீத்தொண்டு வாரத்தில் போங்கள். முன்கூட்டியே நிலைய அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பையனைச் சுருட்டிய ஹோஸைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும் கதவை மறித்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.