ஒரு பசுவுக்கு 256

பிரெய்ரி நாய் நாயன்று. அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு. எடை ஒரு கிலோவை ஒட்டியது. குரைப்பதுபோல் ஒலி எழுப்புவதால் அப்பெயர் பெற்றது. அமெரிக்க மேய்ச்சல் பண்ணைகளில் அதற்கு வார்மின்ட் என்று இன்னொரு பெயரும் உண்டு. முன்னது குரல் கேட்டு இட்ட பெயர். பின்னது நிலத்துக்கு உரியவர் இட்ட பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பம் சிறிதன்று.

வார்மின்ட் எனப்படுவதற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு: உண்ணப்படாதது, உரிக்கப்படாதது, உடையவருக்கு ஒவ்வாதது. மான் முதல் இலக்கணத்திலேயே விலகிவிடும். கயோட்டி இரண்டாவதில் தடுமாறும். தோலுக்கு விலை கிடைக்கும் குளிர்காலத்தில் வகையினின்று நீங்கி, பின்னர் மீளும். மொன்டானாவில் கோஃபர் என வழங்கும் தரை அணிலும், கிழக்கு ஓரிகனின் குதிரைமசால் வயல்களில் சேஜ் ராட் எனப்படும் மற்றொரு தரை அணிலும் மூன்றையும் நிறைவு செய்கின்றன. ஆயினும் இவ்வகையில் தலைமை கறுப்புவால் பிரெய்ரி நாய்க்கே உரியது. அதே பேரினத்தைச் சேர்ந்த யூட்டா பிரெய்ரி நாயின் வால் நுனி வெண்மையானது; 1973 முதல் அது கூட்டாட்சிச் சட்டத்தின் காப்பில் வாழ்கிறது.

வேட்டையின் வரலாறு தண்ணீரில் தொடங்குகிறது. 1804 செப்டம்பர் 7 அன்று, இன்றைய நெப்ராஸ்காவில், நிலம் ஆராயச் சென்ற லூயிஸும் கிளார்க்கும் தம் ஆட்களைக் கொண்டு ஒரு வளைக்குள் பீப்பாய் பீப்பாயாக நீர் ஊற்றினர். வளை நிரம்பவில்லை. ஒரு விலங்கை உயிரோடு பிடிக்க ஒரு பகலின் பெரும்பகுதி சென்றது. பிடித்தவர்கள் அதைக் கொல்ல விரும்பவில்லை; மறு ஆண்டு ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு ஒன்றை அனுப்பிவைத்தனர்.

அடுத்து வந்தது கணக்கு. 1902-இல் சி. ஹார்ட் மெரியம் என்னும் அரசு விலங்கியலாளர் 32 பிரெய்ரி நாய்கள் ஒரு செம்மறியாட்டின் அளவுக்கும், 256 ஒரு பசுவின் அளவுக்கும் புல் தின்னும் என்று வேளாண் துறை ஆண்டு மலரில் எழுதினார். டெக்சாஸில் 40 கோடி இருப்பதாக மதிப்பிட்டதால், அவை 15,62,500 மாடுகளின் தீனியைத் தின்பதாக முடிவு வந்தது. வகுத்தலில் பிழையில்லை. பிழை புல்லில் இருக்கிறது. எந்தப் புல், எப்போது, தின்ற பின் என்ன ஆகிறது என்று அக்கணக்கு கேட்கவில்லை. வளையைச் சுற்றிக் கொறிக்கப்பட்ட புல் மீண்டும் துளிர்க்கையில் புரதம் மிகுந்திருக்கும். சவுத் டகோட்டாவின் விண்ட் கேவ் பூங்காவில் காட்டெருமைகள் அதை நாடி வந்து மேய்கின்றன. 256 என்னும் எண்ணை நான் ஏற்பதற்கில்லை. ஆனால் அது நிலைத்துவிட்டது. நஞ்சு கலந்த தானியம் சமவெளி எங்கும் தூவப்பட்டது. இந்த விலங்கையே பெரிதும் உண்டு வாழும் கருங்கால் ஃபெரெட் அதனால் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்வி வந்த பிறகே அவ்வினம் மிச்சமிருப்பது தெரிந்தது.

மூன்றாவது துப்பாக்கி. இங்கே ஆராயவேண்டியது தொலைவு. 1887-இல் தோன்றிய .22 லாங் ரைபிள் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 1,200 அடி செல்லும். ஒலியின் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே நூறு கெஜத்தில் நிற்கும் பிரெய்ரி நாயை ஓசையும் ஈயமும் ஒன்றாக வந்தடையும். 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட் நொடிக்கு 4,000 அடியைத் தாண்டியது. அதற்குப் பின் வந்த .223 ரெமிங்டனால் 300 கெஜத்துக்குச் சுட்டால், தோட்டா சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடியில் சேரும். வெடியோசைக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆகும். முந்திய தலைமுறைச் சாவில் ஓசை இருந்தது; பிந்தியதில் இல்லை. வேட்டை மாறியது இந்த இடத்தில்தான் என்பது என் துணிபு.

சுடுபவரும் அதற்கேற்ப அமர்ந்துவிட்டார். முன்பு பண்ணைச் சிறுவன் வயிற்றால் ஊர்ந்தான். இப்போது சுழலும் மேசை, மணல் மூட்டை, லேசர் தொலைவுமானி, அருகே தொலைநோக்கியோடு ஒரு துணை. ஒரு துப்பாக்கியின் குழல் சூடேறினால் மற்றொன்றை எடுப்பார்கள். எதிரே வளை வாயில் எரிமலை வாய்போல் குவித்த மண்மேட்டின் மேல் பிரெய்ரி நாய் பின்னங்காலில் நிற்கும். அந்த மேடு காவல் மேடை மட்டுமன்று: உயரமான விளிம்பைத் தடவிச் செல்லும் காற்று உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச, தாழ்ந்த மறு வாயில் வழியே புதுக்காற்று நுழையும். சுடப்பட்டதும் மற்றவை பாய்ந்து மறையும். சிறிது நேரம் கழித்து ஒன்று மேலேறி, முன்கால்களை விரித்துத் துள்ளிக் கூவும். அக்கூவல் வளைகளின் கூட்டம் முழுவதும் பரவும்.

பணம் செல்லும் திசையும் மாறியது. ஒழிப்பதற்குப் பண்ணையார் செலவழித்த காலம் போய், சுடுவதற்கு நாட்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆட்கள் வருகிறார்கள். அதனால் சில பண்ணையார்கள் நஞ்சைக் குறைத்து, வளைகளை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்கிறார்கள். விட்டுவைக்கப்படுவது ஒவ்வாததாகாது, மூன்றாம் இலக்கணம் இங்கே உடைகிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

சவுத் டகோட்டாவில் பொது நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை சுடுவதற்குத் தடை உண்டு. பாலூட்டும் காலம் அது. குட்டிகள் பிறந்து ஆறு வாரம்வரை மேலே வருவதில்லை, தாய் போனால் உள்ளேயே கிடந்து சாகும். தனியார் நிலத்துக்கு அத்தடை இல்லை. வளையோ வேலிக்கு அடியில் செல்வது. ஒரு வாய் இப்பாலும் மறு வாய் அப்பாலும் திறக்கக்கூடும். தேதி கம்பியோடு நின்றுவிடக் கூடாது; அது அந்தப் பக்கத்து வாய்க்கும் செல்லவேண்டும்.